டெங்கு: நாம் எங்கே பயப்பட வேண்டும்?



இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது டெங்குக் காய்ச்சல். "இதைப் பற்றித்தான் ஆண்டுதோறும் ஐப்பசி பிறந்ததும் ஆட்டோவில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்கிறார்களே, புதிதாக என்ன சொல்லப் போகிறீர்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். டெங்கு என்ற பெயர் தெரியாதவர் தாம்பரத்தில் ஒருவரும் இருக்க மாட்டார். அதற்குப் பயப்படாதவரும் இருக்க மாட்டார். ஆனால், காய்ச்சல் வார்டுகளில் பல மழைக்காலங்களைக் கழித்த ஒரு மருத்துவனாக நான் கண்டது இதுதான்: நமக்குப் பயம் இருக்கிறது, அந்தப் பயம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. சாக்கடையைப் பார்த்துப் பயப்படுகிறோம், மாடியில் இருக்கும் டிரம்மைப் பார்த்துப் பயப்படுவதில்லை. 103 டிகிரி காய்ச்சலைப் பார்த்துப் பதறுகிறோம், காய்ச்சல் விட்ட நாளில் நிம்மதியாகத் தூங்கிவிடுகிறோம். பிளேட்லெட் எண்ணிக்கையைக் கேட்டு நடுங்குகிறோம், பிள்ளை காலையிலிருந்து சிறுநீர் கழிக்கவில்லை என்பதைக் கவனிக்க மறந்துவிடுகிறோம். இந்த மூன்றையும் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் நம் ஊரைப் பார்ப்போம்.

நாம் வாழ்வது ஏரிகளின் ஊர். பீர்க்கன்கரணை, இரும்புலியூர், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், சிட்லப்பாக்கம், மாடம்பாக்கம், திருநீர்மலை, பல்லாவரம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ஏரி. 2015 டிசம்பர் முதல் தேதி மழையை மறந்தவர் இங்கே யார்? ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்து, படகில் ஆட்களை ஏற்றிக் காப்பாற்றிய நாட்கள் அவை. இப்படி ஒரு ஊரில் கொசு என்றால் மக்களின் கை தானாகவே எங்கே நீளும்? ஏரியைக் காட்டும். தேங்கிய வெள்ளத்தைக் காட்டும். மூடாத சாக்கடையைக் காட்டும். "எங்க தெருச் சாக்கடையைப் பாருங்க சார், டெங்கு வராம என்ன செய்யும்?" என்று எத்தனை பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்!

சாக்கடையைச் சுத்தம் செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவசியம் செய்ய வேண்டும். ஆனால் டெங்குக் கொசு அங்கே பிறப்பதில்லை. சாக்கடையில் பெருகுவது கியூலெக்ஸ். இரவில் காதருகே ரீங்காரமிட்டு நம் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான். யானைக்கால் நோயைப் பரப்புவதும் அந்த இனம்தான். கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் வளர்ந்து மலேரியாவைக் கொண்டுவருவது அனாஃபிலிஸ். டெங்குவையும் சிக்குன்குனியாவையும் கொண்டுவருவது மூன்றாவது இனம், ஏடிஸ் எஜிப்தி. சிறிய உடம்பு, கருப்பு நிறம், கால்களில் வெள்ளை வளையங்கள். அதிகச் சத்தம் போடாது. பகலில் கடிக்கும். காலையில் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்திலும், சாயங்காலம் வெளிச்சம் மங்குவதற்கு முந்தைய ஒன்றிரண்டு மணி நேரத்திலும் அதற்குப் பசி அதிகம். பெரும்பாலும் கணுக்காலில்தான் கடிக்கும்.

இந்தக் கொசு முட்டையிடத் தேடுவது சாக்கடைத் தண்ணீரை அல்ல, சுத்தமான தண்ணீரை. அதுவும் மனிதன் பிடித்து வைத்த தண்ணீரை. நம் வீட்டுத் தண்ணீரை.

ஒரு வீட்டை மனத்தில் கற்பனை செய்துகொள்ளுங்கள். கிழக்குத் தாம்பரத்திலோ மேடவாக்கம் பக்கத்திலோ எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். நல்ல வீடு, படித்த குடும்பம், வாசல் பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கோலம் போடும் வீடு. உள்ளே வாருங்கள். குளியலறையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம். லாரித் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாததால் அது எப்போதும் நிரம்பியே இருக்கும். அதன்மேல் ஒரு பலகை, பலகைக்கும் டிரம்முக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. ஃப்ரிட்ஜின் பின்பக்கம் கீழே ஒரு தட்டு, அதில் தண்ணீர் சேருகிறது என்பதே வீட்டில் பாதிப் பேருக்குத் தெரியாது. வரவேற்பறையில் கண்ணாடிப் பாட்டிலில் மணி பிளான்ட். பால்கனியில் பூந்தொட்டிகள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு தட்டு. கொல்லையில் பாட்டி காலத்து ஆட்டுக்கல், மிக்ஸி வந்த பிறகு அதன் குழியில் மழைநீர்தான் குடியிருக்கிறது. மாடிக்கு ஏறுங்கள். மூடி உடைந்த சின்டெக்ஸ் டேங்க். மூலையில் பழைய பெயின்ட் டப்பா, கொட்டாங்குச்சி, பையன் வளர்ந்ததும் தூக்கிப் போட்ட சைக்கிளின் டயர்.

இந்த வீட்டில் அழுக்கு எங்கே இருக்கிறது? எங்குமே இல்லை. ஆனால் ஏடிஸ் கொசுவுக்குப் பிரசவ அறைகள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். "எங்க வீடு ரொம்பச் சுத்தம், எங்களுக்கு எப்படி டெங்கு வந்துச்சு?" என்ற கேள்விக்கு விடை இந்த வீட்டில் இருக்கிறது.

இந்தக் கொசுவின் திறமை முழுவதும் அதன் முட்டையில் இருக்கிறது. ஒரு தடவைக்கு ஏறக்குறைய 100 முட்டை. அவற்றைத் தண்ணீரில் மிதக்கவிடாது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிவைக்கும். ஒரே இடத்தில் மொத்தமாக வைக்காமல், இந்த டிரம்மில் கொஞ்சம், அந்தத் தொட்டியில் கொஞ்சம் என்று பிரித்து வைக்கும். தண்ணீர் வற்றினால் முட்டை செத்துவிடுமா? சாகாது. காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் காத்திருக்கும். மறுபடி தண்ணீர் ஏறி நனைத்ததும் பொரியும். பொரிந்து வந்த புழு, கூட்டுப்புழுவாகி, இறக்கை முளைத்துப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். மார்கழியில் உங்கள் மாடி டயரில் ஒட்டிய முட்டை அடுத்த கோடைமழைக்குக் கண் விழிக்கிறது என்றால், தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்ததோடு நம் வேலை முடிந்துவிடுமா? முடியாது. உட்சுவரை நார் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். வாரம் ஒரு முறை கழுவ வேண்டும். வாரம் என்ற கணக்கு அதிகாரிகள் வசதிக்காகப் போட்டதல்ல. அது கொசுவே வகுத்துத் தந்த கெடு.

தென்சென்னைப் புறநகருக்கு இன்னொரு தனிச் சிக்கல் உண்டு. நம் ஊர்கள் குழாய் வருவதற்கு முன்னால் வளர்ந்தவை. 2021 நவம்பரில் 5 நகராட்சிகளையும் 5 பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி ஆனது. பெயர் மாறிய வேகத்தில் குழாய்த் தண்ணீர் வரவில்லை. வேங்கைவாசல், சித்தாலப்பாக்கம், பெரும்பாக்கம் பக்கம் போனால் லாரியும் சம்ப்பும் டிரம்மும் இல்லாமல் குடித்தனமே நடக்காது. 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டபோது ஒவ்வொரு வீட்டிலும் குடங்கள் எத்தனை மடங்கு பெருகின! வெள்ளம் வந்தால்தான் டெங்கு என்று நினைக்கிறோம். வறட்சியும் டெங்குவை வளர்க்கும். தண்ணீர் இல்லாத ஊரில்தானே தண்ணீரைச் சேர்த்து வைப்பார்கள்?

அதோடு கட்டுமானம். ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும், வேளச்சேரி சாலை நெடுகிலும் எழும்பும் அடுக்குமாடிகளைப் பாருங்கள். லிஃப்ட்டுக்குத் தோண்டிய குழியில் தண்ணீர். தளம் ஆற வைக்கப் பாத்தி கட்டி நிறுத்திய தண்ணீர். தொழிலாளர் கொட்டகை ஓரத்தில் திறந்த பீப்பாய். எங்கிருந்தோ பிழைக்க வந்த அந்தத் தொழிலாளிக்குக் காய்ச்சல் வந்தால் அவர் யாரிடம் போய்ச் சொல்வார்? மேஸ்திரி ஒரு மாத்திரை வாங்கிக் கொடுப்பார், அவ்வளவுதான். அவரைக் கடித்த கொசுவும் அக்கம்பக்கத்து மாடிகளில்தான் பறக்கும். ஆகவே அந்தக் குழி கட்டடக்காரரின் சொந்த விஷயம் அல்ல, அந்தத் தெருவின் விஷயம்.

கொஞ்சம் பின்னால் திரும்பிச் சரித்திரத்தைப் பார்க்கலாமா? இது நேற்று வந்த நோய் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தியாவில் டெங்கு போன்ற காய்ச்சல் கொள்ளைநோயாகப் பரவியதாக முதலில் பதிவானது எங்கே தெரியுமா? 1780-இல், நம் சென்னையில். கொசுதான் காரணம் என்று அப்போது உலகில் யாருக்கும் தெரியாது. நூறு ஆண்டு கழித்து, 1881-இல், கியூபா நாட்டில் கார்லோஸ் ஃபின்லே என்ற மருத்துவர், மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது ஒரு கொசு என்றார். கேட்டவர்கள் நம்பவில்லை. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் நம்பவில்லை. 1900-இல் வால்டர் ரீட் தலைமையிலான குழு சோதித்து, ஃபின்லே சொன்னது உண்மை என்று நிறுவியது. அந்தக் கொசு எது? இதே ஏடிஸ் எஜிப்தி.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்குப் பாடம். 1901-இல் கியூபாவின் ஹவானா நகரில், கோர்காஸ் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவ அதிகாரி வீடு வீடாக ஆட்களை அனுப்பினார். அந்த ஆட்கள் தண்ணீர்ப் பீப்பாய்களை மூடினார்கள், தொட்டிகளில் எண்ணெய் விட்டார்கள், தேவையற்ற தண்ணீரைக் கொட்டினார்கள். தலைமுறை தலைமுறையாக அந்த நகரை வாட்டிய மஞ்சள் காய்ச்சல் ஒரே ஆண்டில் மறைந்தது. தடுப்பூசி உண்டா? அப்போது இல்லை. மருந்து உண்டா? இன்றைக்கும் இல்லை. தண்ணீர்ப் பாத்திரத்தை மூடினார்கள், அதனால் வென்றார்கள்.

நம் மாநிலமும் இந்த விஷயத்தில் முன்னோடிதான். 1939-இல் சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றியது. இந்தியாவிலேயே அந்த வகையில் முதல் சட்டம். கொசு ஒழிப்புக்கு அதில் தனி அத்தியாயமே உண்டு. ஒருவர் தன் இடத்தில் கொசு வளரவிடுவது குற்றம் என்பதை 80 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தவர்கள் நாம். 1964-இல் சிக்குன்குனியா சென்னையில் புகுந்தபோது லட்சக்கணக்கானோர் மூட்டுவலியில் முடங்கினார்கள். பிறகு அது அடங்கியது, முப்பது ஆண்டுகளுக்கு மேல் பேச்சே இல்லை. போய்விட்டது என்றே நினைத்தோம். 2006-இல் திரும்பி வந்தது. அந்த ஒரே ஆண்டில் இந்தியா முழுவதும் ஏறக்குறைய 14 லட்சம் பேர். இன்றைக்கும் "அந்த வருஷம் வந்த மூட்டுவலி" என்று சொல்லும் பெரியவர்கள் இந்த அரங்கத்திலேயே இருப்பீர்கள். டெங்குவோ 2012-இல் தமிழ்நாட்டில் 12,826 பேரைத் தாக்கி 66 உயிர்களைக் கொண்டுபோனது. 2017-இல் 23,294 பேர், 65 உயிர்கள். அதே 2017-இல் நம் அண்டை நாடான இலங்கையில் 1 லட்சத்து 86 ஆயிரம் பேருக்கு டெங்கு. இவையெல்லாம் அரசுக் கணக்கில் பதிவானவை மட்டும்தான்.

இனி புகை மருந்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தெருவில் ஒருவருக்கு டெங்கு என்றதும் கவுன்சிலருக்குப் போகும் முதல் போன் என்ன? "புகை அடிக்கச் சொல்லுங்க." வெள்ளைப் புகை கிளம்பியதும் பிள்ளைகள் பின்னால் ஓடுவார்கள், பெரியவர்கள் திருப்தியாகக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அந்தப் புகை பறக்கும் கொசுவைக் கொல்லும், உண்மைதான். நோய் வந்த வீட்டைச் சுற்றி, வீட்டுக்குள்ளும் உடனே அடித்தால் பயன் உண்டு. ஆனால் ஏடிஸ் எங்கே ஓய்வெடுக்கிறது? கட்டிலுக்கு அடியில், திரைச்சீலைக்குப் பின்னால், அலமாரிக்குள் தொங்கும் துணிமணிகளுக்கு நடுவே. கதவைச் சாத்திக்கொண்டால் புகை வெளியே, கொசு உள்ளே. முட்டைக்கும் புழுவுக்கும் புகையால் ஒன்றும் ஆகாது. நான்கு நாளில் புதுக் கொசு. பிளீச்சிங் பவுடர் தூவுவதும் அப்படித்தான். தெருவோரம் வெள்ளையாகத் தெரிகிறது, மனத்துக்கு நிம்மதியாக இருக்கிறது, மாடியில் இருக்கும் டயருக்கு அது போய்ச் சேருவதில்லை. புகைக்காகப் போன் செய்யும் அதே அக்கறையோடு, அடுத்த வீட்டுக் காலிமனையில் கிடக்கும் டயருக்காகவும் போன் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கொசு பெரும்பாலும் 100, 200 மீட்டருக்குள்ளேயே வாழ்ந்து முடிக்கிறது. உங்களைக் கடிக்கும் கொசு உங்கள் தெருவில் பிறந்தது.

சரி, எல்லாக் கவனத்தையும் மீறிக் காய்ச்சல் வந்துவிட்டது. இப்போது என்ன செய்வது? இனி சொல்லப்போவதைத் தயவுசெய்து கூர்ந்து கேளுங்கள், ஏனென்றால் உயிர் போவதும் பிழைப்பதும் இங்கேதான்.

கொசு கடித்து 4 முதல் 10 நாட்களில் காய்ச்சல் தொடங்கும். திடீரென்று ஏறும். தலைவலி, கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பை முறித்துப் போட்டதுபோல் வலி, குமட்டல், சிலருக்குத் தோலில் சிவப்புத் தடிப்பு. முதல் இரண்டு மூன்று நாள் இப்படித்தான். இந்த நாட்களில் இரண்டு காரியங்கள் முக்கியம்.

ஒன்று, காய்ச்சல்காரரைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். "வந்தவருக்கு வந்துவிட்டது, இனி வலை எதற்கு?" என்று கேட்பார்கள். வலை அவருக்காக மட்டும் அல்ல, உங்களுக்காகவும்தான். காய்ச்சலின் முதல் ஐந்து நாட்கள் அவர் ரத்தத்தில் வைரஸ் நிறைந்திருக்கும். அப்போது அவரைக் கடிக்கும் கொசு, ஒரு வாரம் பத்து நாள் கழித்து, வீட்டில் மற்றவர்களுக்கும் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் அதை ஊசி போட்டுவிட்டுப் போகும். ஒரே வீட்டில் அடுத்தடுத்து மூன்று பேர் படுப்பது இப்படித்தான். நூறு வீட்டில் ஒரு வீடுகூட இதைச் செய்வதாகத் தெரியவில்லை.

இன்னொன்று, தானாக மருந்து வாங்காதீர்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், அதுவும் மருத்துவர் சொன்ன அளவில். வலி தாங்கவில்லை என்று ஆஸ்பிரின், புருஃபென், டைக்லோஃபினாக் வாங்கிப் போட்டால் ரத்தக்கசிவுக்கு நாமே கதவு திறந்துவிடுகிறோம். "ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர், நாளைக்கு வேலைக்குப் போகணும்" என்று கேட்காதீர்கள். கேட்டாலும் போடாத மருத்துவர்தான் நல்ல மருத்துவர். டெங்கு வைரஸைக் கொல்லும் ஊசி எதுவும் இன்று கிடையாது.

பரிசோதனையைப் பொறுத்தவரை, தொடக்க நாட்களில் என்.எஸ்.1 சோதனை, ஐந்து நாள் கடந்தால் ஐ.ஜி.எம். சோதனை. எலைசா முறையில் வரும் முடிவைத்தான் அரசு உறுதியானதாக ஏற்கிறது. ஆனால் ஒரு சோதனை "நெகட்டிவ்" என்று வந்தவுடன் டெங்கு இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். தாளைவிட நோயாளியை நம்ப வேண்டிய நோய் இது.

இப்போது அந்த நாளுக்கு வருவோம். காய்ச்சல் விடும் நாள். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் ஒரு காலை, நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் சூடு இல்லை. அம்மா சாமி படத்துக்கு விளக்கேற்றுகிறார். அப்பா ஆபீசுக்குக் கிளம்புகிறார். பிள்ளை சோர்ந்து படுத்திருக்கிறான். "அஞ்சு நாள் காய்ச்சல் அடிச்ச உடம்பு, அசதியா இருக்கும், தூங்கட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். மாலையில் கை கால் ஜில்லென்று ஆகிவிடுகிறது. தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். இதை நான் மறுபடி மறுபடி பார்த்திருக்கிறேன். சில தாய்மார்களின் முகம் இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

ஏன் இப்படி? டெங்குவின் உண்மையான ஆபத்து சூட்டில் இல்லை. காய்ச்சல் இறங்கும் அந்த வேளையில், சிலருக்கு, ரத்தக் குழாய்களின் சுவர் இளகி, ரத்தத்தில் இருக்கும் நீர் வெளியே கசிகிறது. வயிற்றிலும் நெஞ்சுக்கூட்டிலும் தேங்குகிறது. குழாய்க்குள் ரத்தம் கெட்டியாகிறது, அழுத்தம் குறைகிறது, உறுப்புகளுக்குப் போக வேண்டிய ரத்தம் போவதில்லை. 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும் கட்டம் இது. இந்த நேரத்தைச் சரியான அளவு திரவம் கொடுத்துக் கடத்திவிட்டால், கசிவு தானாக நின்று உடம்பு தேறிவிடும். கடத்தத் தவறினால் அதிர்ச்சி நிலை. சரியான நேரத்தில் சிகிச்சை கிடைத்தால் கடுமையான டெங்குவிலும் இறப்பு 1 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும். சிகிச்சை கிடைக்காவிட்டால் ஐந்தில் ஒருவர்வரை போகலாம். வித்தியாசம் மருந்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது.

ஆகவே காய்ச்சல் விட்ட அன்று எதைப் பார்க்க வேண்டும்? விடாத வயிற்றுவலி இருக்கிறதா? திரும்பத் திரும்ப வாந்தியா? பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தமா? மலம் கருப்பாகப் போகிறதா? மூச்சு வாங்குகிறதா? பிள்ளை வழக்கத்துக்கு மாறாக எரிச்சலாக, நிலைகொள்ளாமல் புரள்கிறானா, அல்லது எழுப்ப எழுப்பத் துவள்கிறானா? கை கால் சில்லிட்டிருக்கிறதா? ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லையா? இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த இரவே மருத்துவமனைக்குப் போங்கள். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், சர்க்கரை நோயாளிகள், வயதானவர்கள் விஷயத்தில் இந்த அறிகுறிகள் வரும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

பிளேட்லெட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லையே என்று நினைத்தேன், முன்வரிசையில் ஒரு அம்மா வாயெடுத்துவிட்டார்கள். கேளுங்கள் அம்மா, தமிழ்நாடே கேட்கும் கேள்விதான். "பிளேட்லெட் எத்தனை?" ஒன்றரை லட்சம் இருக்க வேண்டியது 60,000 என்றதும் சொந்தக்காரர்களெல்லாம் ரத்தம் கொடுக்க ஆள் தேடுகிறார்கள். டெங்குவில் பிளேட்லெட் குறைவது இயல்பு. நோய் தேறும்போது அதுவே ஏறும். ரத்தக்கசிவு இல்லாத நோயாளிக்கு, எண்ணிக்கை குறைந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகப் பிளேட்லெட் ஏற்றுவது பெரும்பாலும் தேவையற்றது, சில நேரம் கெடுதலும்கூட. அதே ரத்தப் பரிசோதனைத் தாளில் பி.சி.வி. என்று ஒரு எண் இருக்கும். ரத்தம் எவ்வளவு கெட்டியாகிறது என்பதைச் சொல்லும் எண் அது. பிளேட்லெட் இறங்க இறங்க அந்த எண் ஏறிக்கொண்டே போனால் நீர் கசிகிறது என்று பொருள். மருத்துவரிடம் "பி.சி.வி. எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். ரத்த அழுத்தத்தைக் கேளுங்கள். சிறுநீர் போகும் அளவைக் குறித்துவையுங்கள்.

நிலவேம்புக் குடிநீர் பற்றியும் கேட்பீர்கள். தேசிய சித்த மருத்துவ நிறுவனமே நம் தாம்பரம் சானடோரியத்தில் இருக்கிறது. கசப்பைப் பொறுத்துக்கொண்டு வரிசையில் நின்று குடித்தவர்கள் பலர் இங்கே இருப்பீர்கள். முறையாகத் தயாரித்ததை, சித்த மருத்துவர் சொல்படி குடியுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் குடித்துவிட்டோம் என்ற தைரியத்தில், அபாய அறிகுறி தெரிந்த பிறகும் வீட்டில் இருக்காதீர்கள். பப்பாளி இலைச் சாற்றுக்கும் இதையேதான் சொல்வேன். கசிந்து போன நீரை ஈடுகட்ட உப்புச் சர்க்கரைக் கரைசல், கஞ்சி, மோர், இளநீர் வேண்டும். குடிக்க முடியாத நிலையில் ரத்தக் குழாய் வழியாகத் திரவம் வேண்டும்.

ஒருமுறை வந்து போனவர்கள் "எனக்கு வந்துடுச்சு, இனி வராது" என்று சொல்வதுண்டு. டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்தால் அந்த வகைக்கு மட்டும்தான் ஆயுள் முழுக்க எதிர்ப்பு. வேறு வகை இரண்டாவது முறை வந்தால், முதல் முறையைவிடக் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். இதைத் தெளிவாகக் காட்டியதும் அதே கியூபாதான். அங்கே 1977-இல் முதல் வகை பரவியது, லேசாக வந்து போனது. 1981-இல் இரண்டாம் வகை நுழைந்தது. 3,44,203 பேர் நோயுற்றார்கள், 158 பேர் இறந்தார்கள், அதில் 101 பேர் குழந்தைகள். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் முன்பே முதல் வகை தாக்கியிருந்தவர்கள். நம் நாட்டில் நான்கு வகைகளும் புழங்குகின்றன. ஆகவே சென்ற ஆண்டு டெங்கு வந்த வீடு இந்த ஆண்டு மற்றவர்களைவிட இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

விஞ்ஞானம் சும்மா இருக்கவில்லை. நம் புதுச்சேரியில் உள்ள நோய்பரப்பி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், ஓல்பேக்கியா என்ற பாக்டீரியாவைச் சுமக்கும் ஏடிஸ் கொசுக்களை உருவாக்கியிருக்கிறது. அந்தப் பாக்டீரியா உள்ளே இருந்தால் கொசுவுக்குள் டெங்கு வைரஸ் வளர முடியாமல் திணறும். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் இத்தகைய கொசுக்களைப் பறக்கவிட்டுச் சோதித்ததில் டெங்கு 77 சதவீதம் குறைந்தது. 2024-இல் இந்தியத் தயாரிப்பான ஒரு டெங்குத் தடுப்பூசியின் மூன்றாம் கட்டச் சோதனை 10,000-க்கும் மேற்பட்டோரிடம் தொடங்கியது. நம்பிக்கை தரும் செய்திகள். ஆனால் வருகிற கார்த்திகை மழைக்கு உங்கள் கையில் இருப்பது தேங்காய் நார்தான்.

முடிக்கும் முன் அரசுக்கும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். வீட்டில் புழு கண்டால் அபராதம் போடுகிறார்கள். சட்டம் இருக்கிறது, போடட்டும். ஆனால் தினமும் குழாயில் தண்ணீர் வரும் தெருவில் எவர் டிரம் வாங்கி வைப்பார்? தண்ணீர் தராமல் டிரம்முக்கு அபராதம் போடுவது பாதி நியாயம். குழாய் இணைப்பும் குப்பை அகற்றலும் காலிமனைக் கண்காணிப்பும் டெங்கு ஒழிப்பின் பகுதிகள் என்று கருதித் திட்டமிட வேண்டும். பழைய டயர் அடுக்கி வைத்திருக்கும் கடைகளுக்கும், லிஃப்ட் குழியில் தண்ணீர் விட்டுவைத்திருக்கும் பெரிய கட்டடங்களுக்கும், குடிசை வீட்டுக் குடத்துக்குக் காட்டும் அதே கண்டிப்பைக் காட்ட வேண்டும். இதை நாம் வார்டு கூட்டங்களில் கேட்க வேண்டும். மாநகராட்சியின் 70 வார்டுகளிலும் கேட்க வேண்டும்.

மாணவர்களே, உங்களிடம் தனியாக ஒன்று. உங்கள் விடுதிகளின் மாடியையும், கல்லூரி உணவகத்தின் பின்பக்கத்தையும் நீங்களே வாரம் ஒரு முறை சுற்றி வாருங்கள். பாட்டில், தட்டு, கப் எதில் தண்ணீர் தேங்கியிருந்தாலும் கவிழ்த்துவிடுங்கள்.

கடைசியாக, கையில் டார்ச்சும் ஒரு சிறிய மருந்துப் பாட்டிலுமாக உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்களே, அந்தக் கொசு ஒழிப்புப் பணியாளர்களைப் பற்றி. பெரும்பாலும் பெண்கள். சொற்ப ஊதியம். வெயிலில் ஒரு நாளைக்கு எத்தனையோ வீடு ஏறி இறங்குகிறார்கள். 1901-இல் ஹவானாவைக் காப்பாற்றியது அவர்கள் செய்யும் அதே வேலைதான். நாமோ கேட்டிலேயே நிறுத்தி, "எங்க வீட்ல ஒண்ணும் இல்லம்மா, அடுத்த வீட்டைப் பாருங்க" என்று அனுப்பிவிடுகிறோம். அடுக்குமாடிகளில் செக்யூரிட்டி உள்ளேயே விடுவதில்லை. அவர்கள் டிரம்மில் ஊற்றும் அபேட் மருந்து, சொல்லப்பட்ட அளவில், புழுவைக் கொல்லும், புழங்குகிறவர்களுக்குக் கெடுதல் செய்யாது. ஆகவே என் வேண்டுகோள் இது. நாளைக்கோ நாளை மறுநாளோ அவர்கள் வரும்போது கதவைத் திறந்துவிடுங்கள். குடிக்க ஒரு செம்புத் தண்ணீர் கொடுங்கள். மாடிச் சாவியையும் கொடுத்து, நீங்களும் கூடவே ஏறிப் போங்கள்.